எங்கள் வீட்டு மலைப்பக்கம்

ஒரு மனுஷன் மலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும் என்று யாராவது என்னைக் கேட்டால், கேட்கிறவள் தூங்கி விழும் வரைக்கும் என்று சொல்வேன். என் கணவர் பூகோள வாத்தியார். ஃபிஜியில் லட்டோக்காவுக்குப் பக்கத்து நடபுவாவில் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கரும்பு, கரும்பு முடிகிற இடத்தில் மலை. அந்த மலையைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் பல் தேய்த்ததில்லை. நான் லட்டோக்காவில் ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கால் வீங்கி வந்து நிற்பேன். இவர் வாயில் பிரஷ்ஷோடு, மேகம் இன்றைக்கு மலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, தலை மட்டும் மேலே தெரிகிறது, அதனால்தான் நேற்றைவிட உயரமாக இருக்கிறது என்பார். எனக்கு அந்த நேரத்தில் தெரிய வேண்டியதெல்லாம் தலையணை எங்கே என்பதுதான்.

எல்லா மலையும் அவருக்கு மலை இல்லை. அதிலும் தராதரம் உண்டு. கல்யாணமான புதிதில், ஃபிஜியிலேயே உயரமான மலையைக் காட்டுகிறேன் என்று என்னை நந்தாரிவாத்துக்கு அழைத்துப் போனார். தவுவாவில் பஸ் மாறி, அது வளைந்து வளைந்து ஏறியதில் நான் புதுப் புடவையோடு வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். கடைசியில் இறங்கி நின்று அவர் விரலை நீட்டிய திக்கில், பல மேடுகளுக்கு நடுவில் இன்னொரு மேடு இருந்தது. அதுவா என்று கேட்டேன். அதேதான் என்றார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. என்னை ஏமாற்றமடைய வைக்கத்தான் அவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறார். பாதி மலையை பஸ்ஸிலேயே ஏறிவிட்டோம், மிச்சத்தைத்தான் பார்க்கிறோம், சுற்றி நிற்பதெல்லாம் அதன் தோள் உயரத்துக்கு நிற்கிறது, பிறகு எப்படிப் பெரிதாகத் தெரியும் என்று பாடம் நடத்தினார். நம் வீட்டு மலை இதைவிடக் குட்டை, ஆனால் கடலோரக் கரும்புக் காட்டிலிருந்து நேராக எழும்புகிறது, அதனால் கண்ணுக்கு அதுதான் பெரிது என்றார். பார்க்கப் பெரிதாக இல்லாத ஒன்றைப் பார்ப்பதற்கு ஒரு நாள் லீவும் ஒரு நல்ல புடவையும் போயின. இவரோடு எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறேன் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டு மலையிலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அதுவும் ஒரு காலத்தில் எரிமலைதானாம், எங்கள் தீவே எரிமலைகள் கக்கிப் போட்டதுதானாம், ஆனால் மழை தின்று தின்று உச்சி கரைந்து முதுகெலும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறதாம். இளசான எரிமலை என்றால் வாயைச் சுற்றிக் கல்லும் சாம்பலும் குவிந்து கூம்பாக நிற்கும். அடியில் சாய்வு மெதுவாக ஆரம்பித்து, போகப் போகச் செங்குத்தாகும். கண் அடிவாரத்தில் ஏற ஆரம்பித்தால் நடுவில் நிற்க முடியாமல் உச்சிவரைக்கும் போய்விடும். அந்த மாதிரி ஒன்றை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காத குறைக்குப் பேசித் தீர்த்தார். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருக்கும், இவர் என் கையில் இருக்கும் கரண்டியை வாங்கி மேஜைமேல் சர்க்கரையைக் குவித்து எரிமலை செய்து காட்டுவார். அந்தச் சர்க்கரைக்கு வந்த எறும்பை யார் துடைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்வார். மலைக்கு அடியில் நமக்கு அளவு தெரிந்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். கரும்பு வெட்டுக் காலத்தில் மில்லுக்குப் போகிற குட்டி ரயில் மலையடியில் ஊர்ந்து போகும். அப்போது என்னைக் கூப்பிட்டு, "இப்ப பாரு, இப்பதான் அது தன் ஒசரத்துக்கு வருது" என்பார். ரயில் போய்விட்டால் மலை கொஞ்சம் சிறுத்துவிடுமாம். நான் துணி காயப்போட வந்தவள், துணியைக் காயப்போட்டுவிட்டுப் போவேன்.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் ஃபிஜி இந்திதான். மகளுக்குத் தமிழ் வராது. கோயிலில் பாடுகிற பாட்டுக்குக்கூட அவளுக்கு அர்த்தம் தெரியாது. அவருக்கும் எனக்கும் எங்கள் அம்மா அப்பா பேசிய பழைய தமிழ் இருந்தது. அதைச் சண்டைக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம், மகளுக்குப் புரியக் கூடாது என்று. நாங்கள் தமிழில் பேச ஆரம்பித்தால் அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தமிழ் நிறையப் பேசப்பட்டது.

அந்த வருஷம் என்றால் இரண்டாயிரம். இந்தியர் ஒருவர் பிரதமரானது பொறுக்காமல் பூர்வகுடி ஃபிஜியர்கள் சிலர் தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்தார்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவருடைய அண்ணன் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். எங்கள் தெருவில் பாதி வீடு அப்போதே காலி. நாங்கள் இருந்துவிட்டோம். எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள், சரியான மாதிரியும் இருந்தது. இந்தத் தடவை என் தங்கை வந்தாள். அவள் நவுசோரிக்குப் பக்கத்தில் வுனிமோனோவில் வாழ்க்கைப்பட்டவள். பண்ணை வீடு. தகரக் கூரைமேல் கல் விழ ஆரம்பித்து, பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு போய், கடைசியில் ஆட்கள் வாசலுக்கே வந்திருக்கிறார்கள். கைக்குக் கிடைத்த பாத்திரங்களோடும் புருஷனோடும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். தோசைக்கல்லை எடுத்து வந்தவள் செருப்பை மறந்திருந்தாள். வாரக்கணக்கில் எங்களோடு இருந்துவிட்டு சிட்னிக்குப் போனாள். போகும்போது என் மகளை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

இவர் பண்ணவில்லை. போகலாம் என்றால் போகலாமே என்பார். எங்கே என்று கேட்டால் அங்கேதான் ஆரம்பிக்கும். சிட்னி என்றேன், தங்கை இருக்கிறாள். அங்கே மலையே இல்லையே என்றார். நீல மலை இருக்கிறது என்று தங்கை சொன்னாளே என்றேன். "அது மலையா? மேல நின்னுக்கினு கீழ பாக்கணும். அதுக்குப் பேரு கெணறு" என்றார். சரி, கனடா, உங்கள் அண்ணன் இருக்கிறார் என்றேன். அண்ணன் அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினார். மலையெல்லாம் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கிறது, எது பெரிது என்று எவன் சொல்வான் என்றார். ஆக்லாந்து என்றேன், ஊருக்குள்ளேயே எரிமலைகள் இருக்கின்றன, நீங்கள் கேட்ட எரிமலை. அது இட்லி என்றார். தெருவுக்கு ஒரு இட்லி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். ஊரில் ஒவ்வொரு குடும்பமும் எங்கே வேலை கிடைக்கும், எந்த நாடு கூப்பிடும், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று அலைந்துகொண்டிருந்தது. என் வீட்டில் ஒரு மனிதர் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல மலைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார்.

நான் முட்டாள் இல்லை. மலை ஒரு சாக்கு என்று எனக்குத் தெரியும். லட்டோக்கா மார்க்கெட்டுக்குள் அவரோடு நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நின்று, "மாஸ்டர்" என்று கும்பிடுவார். பாங்கில் உட்கார்ந்திருப்பவன், பஸ் ஓட்டுகிறவன், போலீஸ்காரன், எல்லாம் அவரிடம் படித்தவர்கள். ஃபிஜியப் பையன்களும் உண்டு, அவர்களும் நின்று கை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வெளிநாட்டில் இவருடைய வாத்தியார் படிப்பு செல்லாது. ஐம்பதை நெருங்குகிற வயதில் எங்கேயாவது பெட்டி அடுக்க வேண்டும். அதை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் உடைந்துபோவார் என்று எனக்குப் பயம். அதனால் நானும் மலையைப் பற்றியே சண்டை போட்டேன்.

மூலைக் கடையில் வெண்ணெய்க் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வருஷம் முடிந்தும் கடைக்காரர் அதைக் கழற்றவில்லை. நியூசிலாந்து வெண்ணெய். ஒரு நாள் சீரகத்துக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது பார்த்தேன். பச்சைப் புல், கறுப்பு வெள்ளை மாடுகள், அதற்குப் பின்னால் தன்னந்தனியாக ஒரு மலை. பக்கத்தில் துணைக்கு ஒரு குன்றுகூட இல்லை. புல் முடிகிற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி ஏறி, மேலே பனி வெள்ளையாக, உச்சியில் போய்ச் சேர்ந்தது. ஓரத்தில் கடல்கூட இருந்தது. எனக்கு ஒரு வேகம் வந்தது. கடைக்காரரிடம் அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொன்னேன். அவர் சீரகத்தையும் அதிலேயே மடிக்கப் பார்த்தார், கையைப் பிடித்துத் தடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாயங்காலம் அவர் தண்ணீர் எடுக்க வந்தவர் அப்படியே நின்றார். தண்ணீரை எடுத்த பிறகும் கதவைத் திறந்து பிடித்தபடி, கதவின் வெளிப்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து எழும்புகிறது. கூம்பு. அடியில் அளவு தெரிய மாடு. அவர் இத்தனை வருஷம் அடுக்கிய ஒவ்வொரு நிபந்தனையும் அங்கே இருந்தது. அது எந்த ஊர் என்று கடைசியில் கேட்டார். தாரனாகி என்று சொன்னேன், அடியில் இருக்கிற ஊருக்குப் பெயர் நியூ பிளிமத் என்றும் சொன்னேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மறுநாளே நான் மனுப் போட்டதை மட்டும் வேலை கிடைக்கும் வரைக்கும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. இப்போது அவருக்குத் தட்டிக்கழிக்க ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் அந்தத் தாளையே போய்ப் போய்ப் பார்த்தார். பிறகு, "படத்துல இன்னா வேணா காட்டுவான். நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு தவணைக்குச் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்தார். திரும்பி வருகிற டிக்கெட்டும் சேர்த்தே எடுத்தார். நானும் மகளும் வீட்டையே பெட்டிக்குள் மடித்துக்கொண்டிருந்தோம். அவர் எடுத்துக்கொண்டது ஒரு சின்னப் பை. ஆக்லாந்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போகிறவர்கள் எடுத்துப் போவார்களே, அந்த மாதிரிப் பை. அவர் திரும்பிப் போனால் நான் பின்னால் வர மாட்டேன், மகளை அனுப்பவும் மாட்டேன். அது அவருக்கும் தெரியும். அவர் அந்த மலையைப் பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ, அதில்தான் நாங்கள் ஒரு குடும்பமா இரண்டு குடும்பமா என்பது இருந்தது.

போய் இறங்கினோம். மலை இல்லை.

மழை இருந்தது. காற்று இருந்தது. எலும்புக்குள் போகிற குளிர் இருந்தது. மரத்தால் கட்டிய ஒரு வாடகை வீடு, பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் மாடுகள், மாடுகளுக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரக் கிழவி சமையலறை ஜன்னலைக் காட்டி, மலை அந்தப் பக்கம், வெளியே வரும்போது வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கேயோ வேலைக்குப் போயிருக்கிற புருஷனைப் பற்றிச் சொல்வது மாதிரி. என் கணவர் ஜன்னல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இடுப்பில் சுலு வேட்டி, மேலே என் கம்பளிச் சட்டை. அப்படியே நாள் போயிற்று, வாரம் போயிற்று.

நான் முதலில் செய்த காரியம் விளக்கு வைத்தது. லட்டோக்காவில் யாரும் கிழக்கு மேற்கு என்று பேச மாட்டார்கள். கடல்பக்கம், மலைப்பக்கம், அவ்வளவுதான். சூரியன் மலைப்பக்கம் உதிக்கும், கடல்பக்கம் விழும். ஆஸ்பத்திரியில்கூட மலைப்பக்கத்துக் கட்டில், கடல்பக்கத்துக் கட்டில் என்றுதான் சொல்வோம். என் அம்மா விளக்கைத் திரி மலைப்பக்கம் பார்க்க வைத்தாள், நானும் அப்படியே வைத்தேன். இங்கேயும் கிழவி கையைக் காட்டிய ஜன்னலை ஒட்டி ஒரு பலகை போட்டு, சாமி படங்களை நிறுத்தி, காமாட்சி விளக்கைத் திரி மலைப்பக்கம் பார்க்க வைத்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புது ஊரில் அடுப்பு எப்படிப் பற்றும் என்று தெரியாது, பஸ் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது, விளக்கு எங்கே என்பது மட்டும் தெரிந்தது.

விடிவதற்கு முன்னால் எழுந்து விளக்கேற்றிவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பும்போது இருட்டிவிடும். அந்தக் குளிர்காலத்தில் நான் சூரியனைப் பார்த்த ஞாபகமே இல்லை. விளக்கின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றுதான், இந்த மேகத்தை விலக்கு. வாழ்க்கையில் ஒரு மலையை நான் நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. இப்போது வார்டில் மாத்திரை கொடுக்கும்போதெல்லாம், படுத்திருக்கிற பால் பண்ணைக்காரர்களிடம் மலை எப்போது தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சளி கட்டின மார்போடு தோளைக் குலுக்குவார்கள். ஒரு நாள் ஆஸ்பத்திரி நடையின் கோடியில் ஒரு ஜன்னலில் மேகம் கொஞ்சம் தூக்கியிருந்தது. கீழே சாய்வு தெரிந்தது, காடு தெரிந்தது. உடனே வீட்டுக்கு போன் பண்ணினேன். ஓடிப்போய்ப் பாருங்கள், அடிவாரம் தெரிகிறது என்றேன். "அடிவாரம் மட்டும் பாத்தா அது மலை இல்லே, மேடு. அடியும் தலையும் ஒரே பார்வையில வரணும்" என்றார். போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் வார்டே கேட்கிற மாதிரித் தமிழ் பேசியிருப்பேன்.

அவர் வீட்டில் சும்மா இருக்கவில்லை. ரொட்டி சுட்டு வைப்பார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார், மழைக்கு நடுவில் துணியை ஹீட்டர் பக்கத்தில் உலர்த்துவார். தெருவில் அவரை யாரும் நிறுத்திக் கை கொடுக்கவில்லை. ஒரு நாள் கடைக்குப் போய் வந்தவர், கடைக்காரப் பெண் அவருடைய இங்கிலீஷ் புரியவில்லை என்று மறுபடி மறுபடி கேட்டாள் என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். முப்பது பேர் வகுப்பை ஒரு கண் பார்வையில் அடக்கிய மனிதர். அவர் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை, போய்ப் பாத்திரம் தேய்த்தேன். அந்தச் சின்னப் பை கட்டிலுக்கு அடியில், ஜிப் போட்டபடியே இருந்தது. துணியை அதிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, திரும்ப அதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் நான் ஒதுக்கிக் கொடுத்த தட்டு காலியாகவே கிடந்தது.

தவணை முடிய அதிக நாள் இல்லை. எனக்கு வேலையில்லாத ஒரு நாள். பழக்க தோஷம், அன்றைக்கும் சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது. விளக்கேற்ற வந்தால் ஜன்னல் நாற்காலி காலி. பின்கதவு திறந்து கிடந்து, வீட்டுக்குள் பனிக்காற்று வந்துகொண்டிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டே வெளியே போனேன். அவர் வேலியோரம் நின்றிருந்தார். நானும் பார்த்தேன்.

வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல் எங்கே முடிகிறதோ அங்கேயே அது ஆரம்பித்திருந்தது. காலண்டரில் பார்த்தது இல்லை அது, காலண்டரில் கை அகலம்தான். இங்கே அடியைப் பார்த்தால் உச்சிக்குத் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் பனி. ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்து பனி ரோஜா நிறத்தில் இருந்தது, மறுபக்கம் நீல இருட்டு. நடுவில் ஒவ்வொரு பள்ளமும் மடிப்பும் கத்தியால் கீறினது மாதிரித் தெரிந்தது. இத்தனை வாரமும் இது எங்கள் பின்வாசலில் நின்றிருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதெல்லாம் சரி என்பது வேறு எரிச்சலாக இருந்தது.

எறும்பு மேய மேய சர்க்கரையில் மலை கட்டிய மனிதர், நிஜத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலே சூரியன் வந்து என் இடது கன்னத்தில் அடித்தது. நான் சூரியனைப் பார்த்தேன். மலையைப் பார்த்தேன். திரும்பச் சூரியனைப் பார்த்தேன்.

"அது இன்னா பக்கம்?" என்று கொட்டகையைக் காட்டிக் கேட்டேன்.

"கெழக்கு. குளிர்காலம், கொஞ்சம் வடக்கால சாஞ்சிருக்கும்."

"அப்ப மலை?"

"தெற்கு."

எனக்குக் குளிர் தெரியாமல் போயிற்று. தெற்கு பார்த்து விளக்கு வைப்பது செத்தவர்களுக்கு. அந்தத் திசை எமனுடையது. இத்தனை வாரமும் குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும், இந்த மனுஷன் போகாமல் இருக்க வேண்டும் என்று நான் கும்பிட்டது எமனைப் பார்த்து. உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். வந்த அன்றைக்கே தெரியும் என்றார். மேப்பில் பார்த்துவிட்டுத்தானே வந்தேன் என்றார்.

அதற்குப் பிறகு நான் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. பூகோளம் படித்து என்ன கிழித்தீர்கள், காலை மாலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்களே, வாயில் என்ன கொழுக்கட்டையா என்பதெல்லாம் அதில் மரியாதையான பகுதி. மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். இது இத்தனை நாளும் இங்கேயா இருந்தது என்று இந்தியில் கேட்டாள். குளிர் தாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் சொன்னார். "இந்த ஊருல கண்ண மூடிக்கினு உனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு பக்கந்தான். மீதி எல்லாத்துக்கும் தடவிக்கினு இருந்தே. அதையும் எதுக்குப் புடுங்கணும்னு வுட்டுட்டேன்."

கோபம் போய்விடவில்லை. ஆனால் அடுத்து என்ன திட்ட வேண்டும் என்பது மறந்துபோயிற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இனிமேல் இழுத்துக்கொண்டே போக என்னால் முடியாது என்று தோன்றியது.

"மலையப் பாத்தாச்சு," என்றேன். "கேட்டது எல்லாம் அதுல இருக்குது. இப்ப சொல்லுங்க. இருக்கீங்களா, போறீங்களா?"

அவர் வேலிக் கதவின் கொக்கியைக் கழற்றினார். அங்கே போய் நில்லு என்றார். எங்கே என்றேன். மாடு நிற்கிற இடத்துக்கு என்றார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ராத்திரி உடுப்பு, அதற்கு மேலே ஆஸ்பத்திரிக் கோட்டு, காலில் லட்டோக்கா மார்க்கெட்டில் வாங்கின ரப்பர் செருப்பு. புல்லெல்லாம் பனி உறைந்து நொறுங்கியது. சாணியை மிதிக்காமல் இருக்கப் பார்த்து மிதித்தேன். மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. திரும்பி நின்றேன். இன்னும் போ என்று கையை ஆட்டினார். போனேன். இன்னும் என்றார். வீடு சின்னதாகப் போயிற்று, அவர் சின்னதாகப் போனார், மலை மட்டும் என் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

எதற்கு இதெல்லாம் என்று அங்கிருந்து கத்தினேன். அவர் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டார்.

"இதோட ஒசரம் எனக்கு இன்னும் புடிபடலே. இந்த ஊரு மாடு எவ்ளோ பெருசு, மரம் எவ்ளோ பெருசு, ஒண்ணும் எனக்குத் தெரியாது. உன் ஒசரம் தெரியும்."

கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் என்னைப் பார்த்தார், தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ரயில் ஊர்ந்து போவதை அந்தக் காலத்தில் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எவ்ளோ நேரம் இப்பிடியே நிக்கணும்?" என்று கேட்டேன்.

"நாளாவும்," என்றார்.

செருப்புக்குள் பனி ஏறிக்கொண்டிருந்தது. நான் நகராமல் நின்றேன்.